ஊறாத கோட்டு

அக்டோபர் 9

இன்றும் ரொட்டி வரிசையில் என் கையைப் பார்த்துச் சிரித்தார்கள். நேற்று மஞ்சள், இன்று சிவப்பு, நாளைக்கு எந்த நிறத்தில் வருவாய் என்று ரொட்டிக்கடைக்காரர் கேட்டார். உங்கள் ரொட்டி மாதிரிக் கறுப்பாக வருகிறேன் என்றேன். வரிசையே சிரித்தது. அவருடைய மகன், பள்ளியில் எனக்கு ஒரு வகுப்புக் கீழே படிக்கிறவன், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்து அப்பாவிடம் ஒரு குட்டு வாங்கிக்கொண்டான்.

எனக்கு வாய் நீளம் என்று அம்மா வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தாள். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்னவளும் அவள்தான். எதைக் கேட்பது?

சாயப்பட்டறை வீட்டுப் பெண்ணுக்குக் கை வெள்ளையாக இருக்காது. எங்கள் தொட்டிகளில் நீலத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு முழங்கை வரைக்கும் நீலம். ஊரே அவரை நீலக்கை என்றுதான் கூப்பிடுகிறது, எனக்கு நீலக்கை மாமா. அரண்மனைக் காவல்படையின் கோட்டுகள் அத்தனையும் அவர் கையால் நீலமானவை. பதிமூன்று வயது ஆகியும் நீலத்தொட்டிப் பக்கம் என்னை விடமாட்டார். மஞ்சள் மட்டும் நான் தனியாகவே போடுவேன்.

பள்ளியில் சுருட்டை தன் பையிலிருந்து ஒரு துண்டு வெள்ளை ரொட்டி எடுத்துத் தந்தாள். அவள் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி. என் பக்கத்து இருக்கை. சீப்பே நுழையாத அந்தத் தலைமுடிக்காகத்தான் அந்தப் பேர். அவளுடைய அண்ணன் போன மாதம் காவல்படையில் சேர்ந்தார். வீட்டில் ஒருவர் நீலக் கோட்டுப் போட்டால் வாராவாரம் மாவு வரும். அது ரத்தத்தில் பிசைந்த மாவு என்று என் அண்ணன் சொல்கிறான். அவன் சாயங்காலமானால் கணக்கு வாத்தியார் வீட்டுக் கூட்டத்துக்குப் போய்விடுகிறான், அங்கே கற்ற வசனம். நான் தின்றுவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 17

ரொட்டிக்கடை மகனைச் சுட்டுவிட்டார்கள்.

மாவு தீர்ந்துவிட்டது என்று கடையைச் சாத்தினார்கள். ஜனங்கள் கதவைத் தட்டினார்கள், கத்தினார்கள். அவ்வளவுதான். நீலக் கோட்டுகள் தெருமுனையில் வரிசையாக நின்றன. கலைந்து போ என்று ஒரு தரம் சொன்னார்கள், இரண்டாம் தரம் சொல்லவில்லை. அம்மா என் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சாக்கடைக்குள் தள்ளிவிட்டு என் மேலே படுத்துக்கொண்டாள். பையன் மாடி ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தானாம். கதவுக்கு வெளியேகூட வரவில்லை.

சுருட்டையின் அண்ணனும் அந்த வரிசையில் நின்றார். தன் துப்பாக்கி வெடிக்கவே இல்லை என்று வீட்டில் வந்து அழுதாராம், சுருட்டை சொல்கிறாள். அப்படியானால் யாருடையதுதான் வெடித்தது என்று கேட்டேன்.

அக்டோபர் 18

பக்கத்து இருக்கையில் என் பையை வைத்தேன். சுருட்டை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

நவம்பர் 2

மன்னர் ஓடிவிட்டார்! அரண்மனைச் சமையல்காரனின் வண்டியில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில். அதைச் சொல்லிச் சொல்லி அண்ணன் சிரித்தான். தோளில் துப்பாக்கி, உடம்பெல்லாம் புகை நாற்றம். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். தெருவில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ரொட்டிக்கடைக்காரர் மட்டும் படியில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் அழுதுகொண்டிருந்தார். நான் ஆடினேன், தொண்டை கட்டும்வரை பாடினேன். இவ்வளவு சந்தோஷம் எனக்கு இதுவரைக்கும் வந்ததில்லை.

இனி ஊரை நடத்தப்போவது மக்கள் குழு. தலைவர் எங்கள் கணக்கு வாத்தியார். முதல் உத்தரவே எங்கள் பட்டறைக்கு: கொடிக்குச் சிவப்பு. நீலத்தொட்டியை மூடச் சொன்னதும் நீலக்கை மாமா, தன் கையை எந்தத் தொட்டியில் மூடுவது என்று கேட்டார்.

சுருட்டை வீட்டு ஜன்னல் நாள் முழுக்கச் சாத்தியே கிடந்தது.

நவம்பர் 4

தப்பி ஓடிய காவல்படையாட்களைத் தேடுகிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம் என்று அண்ணன் சொன்னான். நீலக் கோட்டுப் போட்டவன் தெரிந்துவிடுவான். கழற்றி எறிந்தவனும் தெரிந்துவிடுவான், ஏனென்றால் இந்தக் குளிரில் கோட்டு இல்லாமல் வேறு யார் திரிவார்கள்? இரண்டாவது கோட்டு வைத்திருக்கும் அளவுக்கு இந்த ஊரில் யாருக்கும் வசதி இல்லை.

பள்ளிக்குப் பின்னால் கரிக்கொட்டகையில் ஒருவன் அகப்பட்டான். இதுவும் பாடம்தான் என்று வாத்தியார் எங்களை வெளியே விட்டார். அவன் வெறும் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தான். எல்லாரும் எறிந்தார்கள். நானும் ஒரு மண்கட்டி எறிந்தேன். காதில் பட்டது. எனக்குக் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். நிறம் போகாத கைக்கு எதற்கு இவ்வளவு சோப்பு என்று அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

நவம்பர் 6

சுருட்டை வந்தாள்.

காலையில் அப்பாவும் நீலக்கை மாமாவும் கொடிகளைக் கொடுக்கக் குழு அலுவலகத்துக்குப் போயிருந்தார்கள். அண்ணன் பாலத்தில் காவல். அம்மா வரிசையில். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். பாவாடைக்குள் சுற்றி அண்ணனின் நீலக் கோட்டை எடுத்து வந்திருந்தாள். இத்தனை நாளாக நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோட்டை என் மடியில் போட்டுவிட்டு, அண்ணன் பரணில் ஒளிந்து கிடக்கிறான், மாற்று நிறம் போட்டுக் கொடு என்றாள்.

முடியாது என்றுதான் சொன்னேன். தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். சுருட்டை என் காலைப் பிடிப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது.

நீலத்தை யாராலும் எடுக்க முடியாது. அதன்மேல் மஞ்சள் ஏற்றினால் பச்சையாகும். வண்டிக்காரர்கள் போடும் பச்சை, சந்தேகமே வராது. ஆனால் மஞ்சள் துணியில் நிற்பதற்குப் படிகாரம் வேண்டும். படிகாரத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறிய துணியில்தான் அது ஒழுங்காக உட்காரும். இல்லாவிட்டால் நனைந்தவுடன் கழன்று ஓடிவிடும். நீலம் மட்டும் அப்படியே இருக்கும்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பித்தளைப் பொத்தான்களை வெட்டிக்கொண்டிருந்தபோது நான் படிகாரத்தைத் தாராளமாகவே கரைத்தேன். கோட்டை முக்கினேன். இன்னும் ஊற வேண்டும், நாளைக் காலையில் வா என்று சொன்னேன்.

"நாளைக்கு எப்படிடீ? வண்டி இன்னிக்குச் சாயங்காலம் கிளம்புது. அந்த வண்டிக்காரர் மறுபடி வரமாட்டார்."

"ஊறணும், சுருட்டை."

"எடுடீ. ஈரமா இருந்தாலும் பரவாயில்ல, எடு."

எடுத்தேன். மஞ்சள் கொதித்துக்கொண்டிருந்தது. பச்சை நான் எதிர்பார்த்ததைவிட அழகாக வந்தது. அவள் கோட்டை முகத்தோடு வைத்து அழுத்திக்கொண்டாள். அடுப்போரம் பிடித்துப் பாதி உலர்த்தி எடுத்துப் போனாள். எதற்கு ஊற வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. நனையாமல் பார்த்துக்கொள் என்று நானும் சொல்லவில்லை. வானம் வெளுத்துக் கிடந்தது.

நவம்பர் 7

நேற்றுச் சாயங்காலம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 8

தெரிந்துவிட்டது.

பாலத்தில் வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள். திறந்த வண்டி. எல்லாரையும் இறக்கி மழையில் நிற்க வைத்தார்களாம். சுருட்டையின் அண்ணனுடைய கையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது. தோளில் நீலம் தெரிய ஆரம்பித்தது. எல்லாரும் எதற்குக் கத்துகிறார்கள் என்று அவருக்கே புரியவில்லையாம், தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதைச் சொன்னது என் அண்ணன். அவன் அங்கேதான் இருந்தான். கயிற்றின் ஒரு முனையை யார் பிடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

பாலத்து விளக்குக் கம்பத்தில். அம்மா என் கண்ணைப் பொத்துவதற்குள் பார்த்துவிட்டேன். அவர் கை மஞ்சளாக இருந்தது. என் கை மாதிரியே.

ஊரில் சாயப்பட்டறை ஒன்றுதான். வாத்தியார் ஆட்களோடு வந்தார். யார் போட்டது என்று கேட்டார். அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது, நான் சொல்லவே இல்லை. ஆனாலும் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், நான்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டார். உடனே அவர் கையைப் பின்னால் கட்டினார்கள். கம்பத்தில் இன்னும் இடம் இருக்கிறது என்று ஒருவன் சொன்னான்.

அப்போது அண்ணன் முன்னால் வந்தான்.

"அவர் இல்ல. என் தங்கச்சி. வேணும்னேதான் போட்டா. படிகாரம் போடாம விட்டுட்டா, மழையில வெளுத்து மாட்டட்டும்னு."

வாத்தியார் என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கணக்குக்கு விடை கேட்கும் அதே முகம்.

"அப்படியாம்மா?"

அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் மணிக்கட்டில் கயிறு இறுகியிருந்தது.

"ஆமா ஐயா," என்றேன்.

அவர் சிரித்தார். பதிமூன்று வயது மூளை செய்த வேலையைப் பாருங்கள் என்றார். அப்பாவை அவிழ்த்துவிட்டார்கள். ஒருவன் அவர் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தான்.

வெளியே வந்ததும் அண்ணன் என் தோளைப் பிடித்து, இனிமேல் இதுதான் நடந்தது, தூக்கத்தில்கூட மாற்றிச் சொல்லாதே என்றான். எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே.

நவம்பர் 12

மேடை ஏற்றினார்கள்.

வாத்தியார் பேசினார். இத்தனை வருஷம் மன்னராட்சி நமக்குக் காட்டியது வெறும் பூச்சு, ஒரு சின்னப் பெண் கை வைத்ததும் சாயம் வெளுத்துப் போச்சு என்றார். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. எனக்கு ஒரு சிவப்புச் சால்வை போர்த்தினார்கள். எங்கள் பட்டறைத் துணிதான், மாமா அவசரத்தில் போட்டது, ஓரத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அதுவா கண்ணில் பட வேண்டும்? பட்டது.

முதல் வரிசையில் சுருட்டையையும் அவள் அம்மாவையும் நிற்க வைத்திருந்தார்கள். காவல்படைக் குடும்பங்களுக்கெல்லாம் தலையை மழித்துவிட்டார்கள். அவளுக்கு எவ்வளவு சின்னத் தலை. அந்த முடிக்குள் இவ்வளவுதான் இருந்ததா?

நீயே சொல்லம்மா என்றார்கள். சொன்னேன். படிகாரம் போடவில்லை, தெரிந்தேதான் விட்டேன். நான் சொல்லி முடித்ததும் அவர்கள் இருவரையும் கை தட்டச் சொன்னார்கள். அவள் அம்மாவால் கையைத் தூக்க முடியவில்லை, ஒருவன் பிடித்துத் தட்டவைத்தான். சுருட்டை தானாகவே தட்டினாள். தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் தேவலை. வகுப்பில் விடை புரியாதபோது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

நவம்பர் 13

கோட்டை வெளியே எடுக்கும்போது ரொட்டிக்கடைப் பையன் ஞாபகம் வந்ததா? வந்தது. அதனாலதான் எடுத்தேனா? இல்ல. இல்லவே இல்ல. அவ எடு எடுன்னா, எடுத்தேன். பின்ன நனையாதேன்னு ஏன் சொல்லல — வாய் நீளம்னு பேரு, ஒரு வார்த்தை வரலியே அன்னிக்கு.

நவம்பர் 27

வகுப்பு வகுப்பாக அழைத்துப் போய்ச் சொல்லச் சொல்கிறார்கள். எங்கே நிறுத்தினால் கை தட்டுவார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். சின்ன வகுப்பில் ஒரு பெண், அவர் செத்தபோது நீங்கள் சிரித்தீர்களா அக்கா என்று கேட்டாள். சிரித்தேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? யாரும் அதைச் சொல்லச் சொல்லவில்லையே.

சாயங்காலம் ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். பெரிய ரொட்டி ஒன்று, வெள்ளை. என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் மகனுக்காகச் செய்தாயே தாயே என்றார். இந்தக் கையையா அவர் கேலி செய்தார்? அப்பா எழுந்து பட்டறைக்குள் போய்விட்டார். அம்மா ரொட்டியை அறுத்தாள், எல்லாரும் தின்றோம்.

டிசம்பர் 5

சுருட்டையை எங்கள் பட்டறைக்கே அனுப்பிவிட்டார்கள். காவல்படைக் குடும்பத்தார் உழைத்துத் தின்ன வேண்டுமாம். அவள் அம்மா ஊருக்கு வெளியே சுண்ணாம்புச் சூளையில். வீடு குழுவுக்குப் போயிற்று. இவள் எங்கள் விறகுக் கொட்டகையில் படுத்துக்கொள்ள வேண்டும். வாத்தியார் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உன்கிட்டயே விடறோம். வேலை கத்துக்கொடு." பெரிய பரிசு கொடுப்பதாக நினைப்பு.

அவள் செருப்பில்லாமல் நின்றாள். அப்பா அவளைப் பார்க்க முடியாமல் தொட்டியைக் கிளறினார். நான் வாளியைக் காட்டினேன், கிணற்றைக் காட்டினேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

டிசம்பர் 6

காலையில் மாமா சாதாரணமாகச் சொன்னார், இந்தப் பெண்ணுக்குப் படிகாரத் தொட்டியைக் கொடுத்துவிடலாம், லேசான வேலை, சூடான தண்ணீர் என்று.

படிகாரத் தொட்டிக்கு வந்தால் முதல் நாளே தெரிந்துவிடும். துணியை மாலையில் போட்டு மறுநாள் காலையில் எடுக்க வேண்டும், அதற்குள் தொட்டால் மாமா கத்துவார். அவளுக்கு மூளை இல்லாமலா? எடு எடு என்று யார் சொன்னார்கள் என்று ஞாபகம் வராதா? இந்தத் தொழிலை அவளுக்குக் கற்றுக்கொடுப்பது, உன் அண்ணனைக் கொன்றது உன் அவசரம் என்று சொல்லிக்கொடுப்பதுதான்.

அவள் அவசரமா, என் வாய் அடைத்துப்போனதா, மழையா? எதுவாக இருந்தாலும் அவள் தன்னைத்தான் சொல்லிக்கொள்வாள். அவளை எனக்குத் தெரியும். ஒன்றாம் வகுப்பில் நான் உடைத்த சிலேட்டுக்குத் தன்மேல்தான் தப்பு என்று அழுதவள்.

இவளுக்குத் தண்ணீர் இறைக்கும் வேலைதான் என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மேடை ஏறிய பெண் சொன்னால் இப்போது பெரியவர்களே கேட்கிறார்கள்.

டிசம்பர் 19

கிணற்றுத் தண்ணீர் கையை அறுக்கிறது. சுருட்டையின் விரல்கள் வெடித்து ரத்தம். அலசிய துணியில் ரத்தக்கறை. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அப்பாவால் பொறுக்க முடியவில்லை. அவளைப் படிகாரத்துக்கு மாற்று என்றார். முடியாது என்றேன். ஏன் என்றார். இவளுக்குச் சலுகை காட்டுகிறீர்கள் என்று குழுவில் சொல்லிவிடுவேன் என்றேன். அப்பாவிடம் நான் அப்படிச் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவருக்கு மனதில் இருப்பது முகத்தில் அப்படியே தெரியும். அவளைப் பார்க்கும்போதெல்லாம் பரிதாபப்படுவார், அவள் ஏன் என்று கேட்பாள்.

"நீ என் பொண்ணுதானா?" என்று கேட்டார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

சால்வை போர்த்தியதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அம்மா பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ராட்சசி என்று மாமா முணுமுணுத்தது எனக்குக் கேட்க வேண்டும் என்றே முணுமுணுத்தது. போகட்டும்.

டிசம்பர் 20

அப்பா என்னோடு பேசவில்லை.

ஜனவரி 3

நாள் முழுக்க ஊர்வலம். நான் கொடியோடு முன்னால் நடக்க வேண்டும், தப்ப முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மாமா இரக்கப்பட்டுவிட்டார்.

திரும்பி வந்தபோது சுருட்டை படிகாரத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். கையில் களிம்பு தடவித் துணி சுற்றியிருந்தது. தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது, அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"ராத்திரி முழுக்க ஊறணுமாமே," என்றாள். இங்கே வந்த பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

எனக்குக் கொடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஜனவரி 7

சாப்பிட மாட்டேன் என்கிறாள். ரொட்டியைக் கொட்டகை வாசலிலேயே வைத்துவிடுகிறாள், எலி தின்கிறது. அம்மா கொடுத்த சூப்பைச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள். மத்தியானம் துணி உலர்த்தும் கயிற்றுக்கு அடியில் விழுந்துவிட்டாள். தூக்கியபோது கனமே இல்லை என்று மாமா சொன்னார். இப்படியே போனால் இந்தக் குளிரைத் தாண்டமாட்டாள் என்றும் சொன்னார்.

தூக்கத்தில் எடு எடு என்கிறாளாம். விறகெடுக்கப் போன அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. எதை எடுக்கச் சொல்கிறாள் என்று அம்மா என்னைக் கேட்டாள்.

ஜனவரி 9

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கொட்டகையில் அவள் சுவரோடு சாய்ந்திருந்தாள். யாரும் இல்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அப்போது சொல்லியிருக்கலாம். அவளே கேட்டாள்.

"அன்னிக்கு நீ நாளைக்கு வான்னு சொன்னே. நான்தான் கேக்கல. என்னாலதானே?"

"பைத்தியமா உனக்கு? நான் மேடையில சொன்னது காதுல விழலியா? படிகாரம் போடவே இல்ல. அது வெறும் தண்ணி. நீ ஒரு வாரம் காத்திருந்தாலும் அதே கதிதான்."

நம்பவில்லை. என் முகத்தையே பார்த்தாள். எனக்கு அவளைத் தெரிகிற அளவுக்கு அவளுக்கும் என்னைத் தெரியும்.

"மாட்டி விடணும்னு நினைக்கிறவ எதுக்கு நாளைக்கு வான்னு சொல்லணும்? ஊறணும் சுருட்டைன்னு சொன்னியே. அந்தக் குரல் எனக்குத் தெரியாதா?"

ஒரு கணம்தான். எங்கிருந்து வந்ததோ, வந்துவிட்டது.

"நாளைக்கு எங்க அண்ணன் வீட்ல இருப்பான். நீ கோட்டை வாங்க வந்ததும் பின்னாடியே வந்து உங்க பரண்லயே உங்க அண்ணனைப் பிடிச்சிருப்பான். அதுக்குத்தான் வரச் சொன்னேன். நீ அவசரப்பட்டதால அவருக்கு வண்டி வரைக்குமாவது போகக் கிடைச்சுது."

அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாக, எல்லாம் சரியாகப் பொருந்துகிறது என்று தெரிந்துகொள்கிற முகம். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். என் முகத்தில் துப்பினாள். விறகுக் கட்டையை எடுத்தாள். கையில் தெம்பு இல்லை, என் தோளில் மெதுவாகத்தான் விழுந்தது. மறுபடி ஓங்கினாள். நான் நகரவில்லை.

சத்தம் கேட்டு அப்பா ஓடி வந்தார். கட்டையைப் பிடுங்கினார். என்ன நடந்தது என்று அவளைத்தான் கேட்டார், என்னை இல்லை. அவள் சொன்னாள். நான் அவளிடம் சொன்ன அத்தனையையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அதை மறுக்கவில்லை.

அவளைத் தோளில் சாய்த்து வீட்டுக்குள் அழைத்துப் போனார். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மேடையில் அந்தப் பொய்யை மற்றவர்கள் எனக்குக் கொடுத்தார்கள். இன்று நானே சொன்னேன், மேடையில் சொன்னதைவிட நன்றாகச் சொன்னேன்.

ஜனவரி 12

அப்பா என் படுக்கையைச் சுருட்டைக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு விறகுக் கொட்டகை. இரண்டு நாளாக அவள் சூப்புக் குடிக்கிறாளாம், நேற்று ரொட்டியும் கேட்டு வாங்கினாளாம். மாமா வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

இன்று காலை அவள் படிகாரத் தொட்டிக்கு வந்தாள். ராத்திரி ஊறிய துணிகளை எடுத்துப் பிழிந்து கயிற்றில் போட்டாள். கை ஆறி வருகிறது, தலையில் முடி பொடிப் பொடியாக முளைத்திருக்கிறது. மஞ்சள் தொட்டிக்கு என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் நிற்கிற இடத்தில் யாரும் இல்லாதது மாதிரிப் போனாள். மத்தியானம் ரொட்டியை முழுசாகத் தின்றாள்.